அம்மா பாயைச் சுருட்டிய நாள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். எங்கே போவது, யார் யார் போவது, எவ்வளவு செலவாகும்? நானும் இம்முறை உல்லாசப் பயணத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் எந்த ஊருக்குப் போகலாம் என்று சொல்லப் போவதில்லை. போன இடத்தில் மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள், நாம் மற்றவர்களை எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1980-களின் தொடக்கம். எனக்குப் பத்து வயதிருக்கும். கோத்தா திங்கி பட்டணத்திலிருந்து செம்மண் சாலையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள். தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மணிமன்றத்து அண்ணன்மார் ஒரு லாரி பேசினார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வெள்ளி, பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளி. போகும் இடம் லொம்போங் நீர்வீழ்ச்சி. பட்டணத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், முந்தாஹாக் மலையின் அடிவாரத்தில் இருக்கிறதே, அதுதான்.

அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிட்டார். அண்டா நிறையப் புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, பிளாஸ்கில் தே ஓ. தீபாவளிச் சேலையை மறுபடியும் கட்டிக்கொண்டார். லாரியில் நின்றபடியே பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். மரம் வெட்டப் போகும்போது பேசாத வாயெல்லாம் அன்றைக்குப் பேசியது.

அருவிக்கு எதிரே நல்ல நிழலாகப் பார்த்து அம்மா பாயை விரித்தார். பக்கத்தில் காரில் வந்த ஒரு குடும்பம். அவர்களும் தமிழர்கள்தாம், பட்டணத்துக்காரர்கள். அவர்களுடைய பையன் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். பந்து எங்கள் பாய்க்கு உருண்டு வந்தது. எடுக்க வந்தவன் அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பிள்ளைகள் அப்படித்தானே! அம்மா ஒரு முட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அப்போது அவனுடைய அம்மா அங்கிருந்து கூப்பிட்டார்:

“கண்ணா, இங்க வா. அதெல்லாம் எஸ்டேட்டு ஆளுங்க. அவங்க கையில வாங்கிச் சாப்பிடாதே.”

குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. பையன் முட்டையைப் பாயின்மேல் வைத்துவிட்டுப் பந்தோடு ஓடிவிட்டான்.

அம்மா அந்த முட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வாங்கய்யா, நாம அந்தப் பக்கம் போயிடுவோம்” என்று பாயைச் சுருட்டினார். பாறைக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டோம். அங்கிருந்து பார்த்தால் அருவி தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அந்த முட்டையை உரித்து என்னிடம் கொடுத்து, “சாப்பிடுய்யா, வீணாக்கக் கூடாது” என்றார்.

அதன் பிறகும் பலமுறை லாரி பேசினார்கள். “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இடுப்பு வலி” என்பார் அம்மா. காலமாகும்வரை அவர் அந்த அருவிப் பக்கம் போகவே இல்லை.

ஒரு சொல் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு மனுஷியிடமிருந்து ஓர் அருவியையே பிடுங்கிக்கொள்ளும்.

கவிஞருக்கும் வந்த வியாதி

அந்தப் பட்டணத்து அம்மாளை நான் நீண்ட காலம் வெறுத்தேன். வயதாகி நாலு புத்தகம் படித்த பிறகுதான் இது அவர் ஒருவருடைய குணமல்ல, பழைய வியாதி என்று தெரிந்தது. எல்லா நாட்டிலும் உள்ள வியாதிதான். ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் சாதாரண மனிதனைப் பார்த்துச் சிரிப்பதை ஒரு கலையாகவே வளர்த்து, பத்திரிகையிலும் அச்சேற்றியவர்கள், நம்மை ஆண்ட பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் சிரித்ததும் வேறு யாரையும் பார்த்தல்ல, தங்கள் சொந்த நாட்டு மக்களைப் பார்த்துத்தான்.

இங்கிலாந்தில் தாமஸ் குக் என்று ஒருவர் இருந்தார். மரவேலை செய்து பிழைத்தவர். குடியை ஒழிக்க வேண்டும் என்று பாடுபட்டவர். வேலை செய்த களைப்புக்கு மனிதன் கள்ளுக்கடைக்குப் போகிறான். அவனுக்கு வேறு ஒரு மகிழ்ச்சியைக் காட்டினால் என்ன என்று யோசித்தார். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் ரயிலில் தனி வண்டிகள் பேசி, ஏறத்தாழ 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லாஃப்பரோ என்ற ஊருக்கு மதுவிலக்குக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். எங்கள் மணிமன்றத்து அண்ணன்மார் லாரி பேசினார்களே, அதே மாதிரிதான்! இன்று உலகம் முழுவதும் நடக்கும் சுற்றுலாத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று இப்படித்தான் பிறந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1844-இல், வடக்கு இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த மலைப் பகுதிக்கு ரயில் பாதை போட ஏற்பாடு நடந்தது. அதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? இயற்கையைப் பாடிப் புகழ்பெற்ற மகாகவி வேர்ட்ஸ்வொர்த். ரயில் வந்தால் ஆலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிவிடுவார்களாம். இயற்கையை ரசிக்கும் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடாதாம். அதனால் அவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்து வயல்வெளியில் உலாவிவிட்டு வருவதே நல்லதாம்! இத்தனைக்கும் அந்த ஏரிகளைப் பார்க்க வாருங்கள் என்று வழிகாட்டிப் புத்தகம் எழுதியவரும் அவரே. வசதியும் ரசனையும் உள்ளவர்களுக்கு அந்தப் புத்தகம். ரயிலில் வருகிறவர்களுக்கு எதிர்ப்பு. என்றாலும் ரயில் நிற்கவில்லை. 1847-இல் வின்டர்மியர் வரை வந்து சேர்ந்தது.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 1860-களில் தாமஸ் குக் தம் பயணிகளைச் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் அழைத்துப் போகத் தொடங்கினார். போனவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பாதிரிமார்கள், சிறு வியாபாரிகள். தனியாகப் போகத் தயங்கிய பெண்களும் அந்தக் கூட்டத்தோடு துணிந்து போனார்கள். இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த சார்ல்ஸ் லீவர் என்ற நாவலாசிரியருக்கு இது பொறுக்கவில்லை. 1865-இல் ஒரு பெரிய பத்திரிகையில் புனைபெயரில் எழுதினார். ஆட்டு மந்தையை நாய் சுற்றி வருவதுபோல் குக் இவர்களை ஓட்டிக்கொண்டு போகிறார் என்று கேலி செய்தார். அது மட்டுமா? ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் இப்படி இத்தாலிக்கு அனுப்பிவைக்கிறது என்று ஒரு புளுகையும் கிளப்பிவிட்டார்.

குக் சும்மா இருக்கவில்லை. வெளியுறவு அமைச்சருக்கே புகார் எழுதினார். தம் சொந்தப் பத்திரிகையிலும் பதில் எழுதினார். உலகத்தைப் பார்க்கும் உரிமை பணக்காரனுக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதா என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பாருங்கள், வாசகர்களே! லீவர் சிரித்தது வறியவர்களைப் பார்த்துக்கூட அல்ல. தமக்கு ஒரு படி கீழே இருந்தவர்களைப் பார்த்து. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு வார விடுமுறை

ரயில் வந்த பிறகு, லங்காஷியர் பகுதி நெசவாலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கடலைப் பார்த்தார்கள். ஆலையை ஒரு வாரம் மூடுவார்கள். தெருவே காலியாகிவிடும். எல்லாரும் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். நெய்தவரும் நூற்றவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே கடற்கரையில். ஆனால் அந்த வாரத்துக்குப் பலருக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டு முழுவதும் சில்லறை சேர்த்துவைத்துத்தான் போக வேண்டும். நம் பெண்கள் கூட்டு கட்டிப் பணம் சேர்ப்பதில்லையா, அப்படித்தான்.

1938-இல்தான் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் பிரிட்டனில் வந்தது. அதுவும் ஒரு வாரம். யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1936-இல், பில்லி பட்லின் என்பவர் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று ஒரு விடுமுறை முகாம் திறந்திருந்தார். 1950-இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் விமானம் பேசி, கோர்சிகா தீவின் கால்வி என்ற இடத்துக்கு ஆட்களை அழைத்துப் போனார். விமானம், சாப்பாடு, தங்கக் கூடாரம் எல்லாம் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங். பிறகு ஸ்பெயின் திறந்துகொண்டது. பெனிடோர்ம் என்ற மீன்பிடி ஊர் பெரிய ஓட்டல்கள் நிறைந்த நகரமாயிற்று. சுரங்கத் தொழிலாளியும் பஸ் கண்டக்டரும் வாழ்க்கையில் முதல்முறையாக வெயிலைப் பார்க்க வெளிநாடு போனார்கள்.

உடனே பழைய சிரிப்பு புது வேஷம் போட்டுக்கொண்டது. “ஸ்பெயினுக்குப் போயும் தேநீரும் பொரித்த மீனும் கேட்கிறான். அந்த நாட்டுப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. மந்தையாய்ப் போகிறான், தோல் உரிய வெயிலில் கிடக்கிறான், சத்தம் போடுகிறான்.” பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இது ஒரு நிரந்தர நகைச்சுவை ஆனது. படித்தவர்கள் தங்களைப் ‘பயணி’ என்று சொல்லிக்கொண்டார்கள். மற்றவன் வெறும் ‘டூரிஸ்ட்’.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டுத் தெருவில் கூத்தடிக்கும் பயணிகளால் ஸ்பெயின் மக்கள் பட்ட தொல்லை உண்மை. பலேரிக் தீவுகளில் அதைக் கட்டுப்படுத்த 2020-இல் தனியாகச் சட்டமே கொண்டுவந்தார்கள். அங்கே ஊர்வாசிகளின் முறையீட்டில் பொருள் உண்டு. ஆனால் குடித்துக் கூத்தடிப்பது நடத்தை. தேநீர் கேட்பது நடத்தைக் குறைவா? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவனுக்கு உண்மையான கோபம் சத்தத்தின்மேல் அல்ல, ஆளின்மேல்.

துரைகள் மட்டும் எப்படி?

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஸ்பெயினில் தேநீர் கேட்டவனைப் பார்த்துச் சிரித்தார்களே, மலாயாவுக்கு வந்த துரைமார் என்ன சாப்பிட்டார்கள்? புளிச்சோறா? டின்னில் அடைத்துக் கப்பலில் வந்த பட்டாணி, உறையவைத்துக் கொண்டுவந்த ஆட்டிறைச்சி, கொளுத்தும் வெயிலில் கிறிஸ்துமஸ் புட்டிங். அவர்களுக்காகவே 1903-இல் சிங்கப்பூரில் ‘கோல்ட் ஸ்டோரேஜ்’ கம்பெனி தோன்றியது. ஒரு வாரம் ஸ்பெயினில் இருந்த தொழிலாளி ஸ்பானிய மொழி கற்கவில்லை என்பது கேலி. முப்பது ஆண்டு இங்கே இருந்த துரை? தமிழ்த் தேர்வு எழுதித் தேறியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘வா, போ, வெட்டு, எடு’ என்று ஏவுவதற்கு மேல் தமிழ் தெரியாமலே பென்ஷன் வாங்கிப் போனவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

வெயில் தாங்காத துரைமார் பினாங்கு மலைக்கும், ஃபிரேசர் மலைக்கும், கேமரன் மலைக்கும் ஓய்வெடுக்கப் போனார்கள். அங்கேயும் தங்கள் ஊர் மாதிரியே வீடு கட்டி, கணப்பு மூட்டி, ரோஜாச் செடி வைத்தார்கள். அதற்குப் பெயர் ரசனை. அதே கேமரன் மலையில் தேயிலை பறித்தவர்கள் நம்மவர்கள். இன்றும் அங்கே போகிறவர்கள் பச்சைப் பசேலென்ற தேயிலைச் சரிவைப் படம் பிடித்து மகிழ்கிறார்கள். அந்தப் பச்சையைக் குனிந்து குனிந்து உண்டாக்கிய முதுகுகள் படத்தில் விழுவதில்லை.

வெள்ளைக்காரர்கள் எல்லாரும் தங்களுக்குள் ஒன்றாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. கோலாலம்பூரில் 1884-இல் சிலாங்கூர் கிளப் தொடங்கியது. அது எல்லாத் தரத்தாரும் கலக்கும் இடமாகிவிட்டதென்று மேல்படியில் இருந்தவர்கள் 1890-இல் லேக் கிளப் என்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது வேலை இழந்த வெள்ளைக்காரர்களைக் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வறிய வெள்ளைக்காரனை நாம் பார்த்துவிட்டால் துரைத்தனத்தின் மதிப்பு என்னாவது!

நம் கோத்தா திங்கி வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1971-இல் பிரிட்டிஷ் படை புறப்படும்வரை இந்தப் பக்கத்தில்தான் அவர்களுடைய காட்டுப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இங்கே வந்த சிப்பாய்களில் பலர் கட்டாய ராணுவ சேவைக்குப் பிடித்து அனுப்பப்பட்ட இளைஞர்கள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை, ஆலைத் தொழிலாளியின் பிள்ளை. அதிகாரிகளுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம், சார்ஜண்டுகளுக்கு ஒன்று, சாதாரணச் சிப்பாய்க்கு ஒன்று. நாம் எல்லாரையும் ‘துரை’ என்றோம். துரைக்கும் மேலே துரை இருப்பது நமக்குத் தெரியவில்லை.

நம்மவர் பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம்வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடியது. மேல் வகுப்பு அறைகளில் சிலர். கீழே டெக்கில் பாயும் தகரப் பெட்டியுமாக நம் பாட்டன் பாட்டிமார். அவர்களும் கடலைக் கடந்தவர்கள்தாம். அவர்களை யாரும் ‘பயணி’ என்று அழைக்கவில்லை.

நம்முடைய ஏணி

இங்கிலீஷ்காரனைச் சொன்னது போதும். நம்மிடம் வருகிறேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஏணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய துரை, சின்ன துரை, பெரிய கிராணி, சின்ன கிராணி, தண்டல், பிறகு நாம். பெரிய துரை நம்மை ஏளனம் செய்ததைவிடக் கிராணி வீட்டார் செய்ததுதான் நம் மனத்தில் தைத்திருக்கும். ஏன்? துரைக்கு நம்மோடு ஒப்பிடப்படுவோமோ என்ற பயம் இல்லை. பக்கத்துப் படியில் நிற்பவனுக்குத்தான் அந்தப் பயம். அவன் நேற்று ஏறியவன். காலின் செம்மண் இன்னும் காயவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கீழே இருப்பவனை உதைத்துக் காட்டுகிறான்.

இலங்கையிலும் இதே கதை. மலையகத்துத் தேயிலைத் தொழிலாளரைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்னவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். கொழும்பிலிருந்து கார்கள் மலையேறும். தோட்டத்துப் பிள்ளைகள் அந்தக் கார்களைச் சாலையோரத்தில் நின்று பார்த்த காலம் ஒன்று இருந்தது.

அருவிக் கரையில் அந்த அம்மாள் அப்படிக் கூவியதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய தகப்பனாரும் ஒரு லயத்து வீட்டிலிருந்து படித்து வெளியே வந்தவராக இருந்திருக்கலாம். எங்கள் பாயில் அவருடைய மகன் உட்கார்ந்தபோது, தாம் விட்டு ஓடி வந்த பாயே திரும்பக் கூப்பிடுவதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கலாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். குடை பிடிப்பவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் என் கையிலும் ஒரு குடை இருந்தது.

என் வாயிலிருந்து வந்த சொல்

அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

போன ஆண்டு விடுமுறையில் குடும்பத்தோடு தெசாரு கடற்கரைக்குப் போனோம். இப்போது எனக்குக் கார் உண்டு. பட்டணத்தில் தாமான் வீடு உண்டு. சவுக்கு மர நிழலில் நல்ல இடம் ஒன்று தெரிந்தது. அங்கே பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நடுவில் ஒரு பெரிய சோற்றுப் பானை. ஒருவர் கைப்பேசியில் பாட்டு வைத்திருந்தார். எல்லாரும் சலவைச் சட்டை போட்டு, தலையை வழித்துச் சீவி வந்திருந்தார்கள்.

நான் காரை நிறுத்தாமலே, “வேற இடம் பார்ப்போம். இங்க ஒரே பங்களாதேஷ்காரனுங்க” என்றேன்.

பின்னாலிருந்து என் இளைய மகள் கேட்டாள்: “ஏம்ப்பா? அவங்க சோறுதானே சாப்பிடுறாங்க?”

அவ்வளவுதான், வாசகர்களே. எனக்கு அந்த முட்டை ஞாபகம் வந்துவிட்டது.

நாம் பார்த்த வேலையை இன்று செய்கிறவர்கள் அவர்கள். கித்தாக் காடு செம்பனைக் காடானது. நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துக்குப் போனார்கள். நாம் இறக்கி வைத்த சுமையை இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கடன் பட்டு வந்தவர்கள், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், கூட்டமாகத் தங்குகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்ல சட்டை போடுகிறவர்கள். யாரைப் போல் இருக்கிறது? ரஜுலாவில் வந்து இறங்கிய நம் தாத்தாவைப் போல் இல்லையா?

அவர்கள் கூட்டமாக வருகிறார்கள் என்று முகம் சுளிக்கிறோம். தனியாகக் கார் பிடித்து வரக் காசில்லாதவன் கூட்டமாகத்தான் வருவான். சோற்றுப் பானையோடு வருகிறார்கள் என்கிறோம். கடையில் வாங்கினால் ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்க்கிறவன் பானையோடுதான் வருவான். சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்கிறோம். ஆறு நாள் சிரிக்காதவன் ஏழாம் நாள் கொஞ்சம் சத்தமாகத்தான் சிரிப்பான். பிளாக்பூலில் சிரித்தவனும், எங்கள் லாரியில் பாடிய பெண்களும், இவர்களும் ஒரே ஜாதி. உழைக்கிற ஜாதி.

காரை அங்கேயே நிறுத்தினேன். பாயை விரித்தோம். அவர்களில் ஒருவர் எங்களுக்கு இடம்விட்டுத் தங்கள் செருப்புகளை நகர்த்தி வைத்தார். நான் தலையசைத்தேன். அவரும் தலையசைத்தார். பெரிய காரியம் ஒன்றும் நடந்துவிடவில்லை. நாங்கள் எங்கள் சோற்றைச் சாப்பிட்டோம், அவர்கள் அவர்கள் சோற்றைச் சாப்பிட்டார்கள். ஆனால் யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போகவில்லை.

இந்த விடுமுறைக்கு

ஆகவே, தாய்மார்களே, தகப்பன்மார்களே, இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போங்கள். நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 12 நாள், ஐந்துக்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு விடுமுறை. இது பிச்சையல்ல, கூலியைப் போல உரிமை. ‘நமக்கெதற்கு உல்லாசம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். வெட்கப்பட வேண்டாம். நல்ல இடமாகப் பார்த்துப் பாயை விரியுங்கள். அருவி தெரிகிற பக்கமாகவே விரியுங்கள். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்; குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஏழை பணக்காரன் எல்லாருக்கும் இது பொதுவான ஒழுங்கு. அதை மீறினால் யார் கண்டித்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் உங்கள் சேலையையும் சோற்றையும் பேச்சையும் பார்த்து யாராவது சிரித்தால், எழுந்து போகாதீர்கள். என் அம்மா போனார்; அது போதும்.

இன்னொன்று. உங்கள் பிள்ளை ஓடிப்போய் வேறொருவர் பாயில் உட்கார்ந்தால், அவர் எந்த நாட்டுக்காரரானாலும், எந்த வேலை செய்கிறவரானாலும், கூப்பிடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நீங்கள் கூப்பிடும் சொல்லை அங்கே ஒரு தாய் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கையில் ஒரு முட்டை இருக்கும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.